வராது என்று அடித்த சாய்வுக் கணக்கு

பத்தாம் வகுப்பில் தோற்றவர்களை நம்பிப் பிழைக்கும் தொழில் என்னுடையது. முதுநகர் டுடோரியல் ஒன்றில் கணக்கு எடுக்க, சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறுவேன். x, y என்றாலே பக்கத்தைப் புரட்டிவிடும் வாசகரா நீங்கள்? அப்படியானால் நமக்குள் ஒளிவு மறைவு வேண்டாம், இதில் ஒரே ஒரு கணக்கு வருகிறது.

நாற்காலியா, துடைப்பமா?

2008-ல் கலா வந்து சேர்ந்தார். குறிஞ்சிப்பாடி, வயது முப்பது. அரசு வேலையில் இருந்த கணவர் இறந்ததால் அவருக்கு வாரிசு வேலை உண்டு. எட்டாவது போதும் என்றால் ஆபீஸைப் பெருக்கும் வேலை, பத்தாவது பாஸ் என்றால் நாற்காலி. சான்றிதழ் கொடுக்க ஜூலை வரைதான் தவணை. மற்ற பாடங்கள் தேறிவிட்டன, கணக்கு மட்டும் நான்கு முறை காலை வாரியிருந்தது. எந்த வேலையானால் என்ன என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அவரு இருந்த ஆபீஸ் சார் அது. அங்க எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தவங்க. அவுங்க முன்னாடி நான் எப்பிடி சார் தொடப்பம் புடிக்கிறது?"

ஏறும் கோடு

ஒரு கோட்டில் இரண்டு புள்ளிகளை எடுத்து, y-க்களின் வித்தியாசம் மேலே, x-களின் வித்தியாசம் கீழே, வகுத்தால் அந்தக் கோட்டின் சாய்வு. மேலே எந்தப் புள்ளியில் தொடங்குகிறோமோ கீழேயும் அதிலேயே தொடங்க வேண்டும். (2, 3), (6, 11) கொடுத்தேன். கலா மேலே 11-லிருந்து 3-ஐக் கழித்தார், கீழே 2-லிருந்து 6-ஐக் கழித்தார். 2 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 2 வந்து நின்றது. கோட்டை வரைந்து பார்க்கச் சொன்னேன். "கோடு ஏறுதுன்னு கண்ணுக்குத் தெரியுது, கணக்கு எறங்குதுங்குது. எதை சார் நம்புறது?" என்றார்.

கண்ணை நம்புங்கள் என்றேன். இடமிருந்து வலமாகப் போகும்போது ஏறினால் பிளஸ், இறங்கினால் மைனஸ். ஆஸ்பத்திரியில் வீல்சேர் தள்ளும் சரிவு மாதிரி என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். கணவரை மூன்று மாதம் அதில்தான் தள்ளியிருக்கிறார். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை இழுத்தார்.

"ஏத்தத்துல தள்றப்பதான் சார் அவரு கனம் தெரியும். அது பிளஸ்தானே?"

அதற்குப் பிறகு சாய்வில் அவர் தப்பு செய்யவே இல்லை.

கட்டாயம் வரும்

டுடோரியல்களில் ஒரு வழக்கம் உண்டு. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு 'கட்டாயம் வரும்' என்று கேள்விப் பட்டியல் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்போம். மற்றதை விட்டுவிடலாம் என்பதற்காகவே பிள்ளைகள் அதை வாங்குவார்கள். சாய்வை வைப்பதா என்று நான் தயங்கியபோது, டுடோரியல் நடத்தும் நண்பன் என் பேனாவைப் பிடுங்கினான்.

"மச்சான், ரெண்டு வாட்டி தொடர்ந்து வந்துடுச்சு. மூணாவது வாட்டி எவன் கேப்பான்? அடிச்சுடு."

பேனாவைத் திரும்ப வாங்கி நானே அதை அடித்தேன்.

முப்பத்திரண்டு

கலா பட்டியலைப் பார்த்துவிட்டு, "சாய்வை விட்டுடலாமா சார்?" என்றார். விட்டுவிட்டுக் கணங்கள் பாடத்தைப் படிக்கச் சொன்னேன். தேர்வில் ஐந்து மார்க்குக்குச் சாய்வு வந்தது. மூன்று வாரம் தொடாத கணக்கு. எது மேலே எது கீழே என்று குழம்பி, எழுதியதை அடித்துவிட்டு வந்திருக்கிறார். முப்பத்திரண்டு மார்க். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்.

அடுத்த தேர்வுக்குள் தவணை முடிந்துவிடும். எட்டாவது சான்றிதழைக் கொடுத்து, பெருக்கும் வேலைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, அதைச் சொல்லத்தான் வந்தார். தப்பு என்னுடையது என்றேன்.

"நீங்க நல்லதுக்குத்தான சார் சொன்னீங்க. ஆனா எனக்கு அந்த ஒரு கணக்குதான் சார் புரிஞ்சு வந்துச்சு."

இப்போது என்ன வரும் என்று யார் கேட்டாலும் எல்லாம் வரும் என்றே சொல்லிவிடுகிறேன், அதனால் என் வகுப்பில் பெஞ்சுகள் பாதி காலி.