தைத்த மூட்டை

“...அதனால வெரல வெட்டிட்டுப் போயும் பிரயோஜனமில்ல மாப்ள, நம்பரு மண்டைக்குள்ள இருக்குது. பொளக்கறதுன்னா பொள!”

சொல்லிவிட்டு மாமன் என் பட்டறை வாசலில் கிடந்த மரக்கட்டையின் மேல் தலையைச் சாய்த்தார். எதிரே அவர் மனைவியின் தம்பி கொடுவாளோடு நின்றான். அவன் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் சட்டையை நனைத்திருந்தது. என் வாயிலும் ரத்தம்தான். விலக்கப் போன இடத்தில் யாருடையது என்று தெரியாமல் ஒரு முழங்கை வந்து விழுந்து, முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. இவ்வளவுக்கும் காரணம், எங்களில் ஒருவரும் கண்ணால் கண்டிராத ஒரு கம்பெனி.

மலைமேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நான் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். என் பட்டறை முன்னால் செல்போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அதனால் ஷேர் பார்க்கிறவர்கள் அங்கேதான் கூடுவோம்: மாமன், அவர் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற அந்த மைத்துனன், மிளகு வாங்கக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து லாரியில் மலையேறி வருகிற பாய், நான். மாமன் எனக்கு உறவில்லை. மாப்பிள்ளை கூப்பிட்டுக் கூப்பிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கே அவர் மாமன் ஆகிவிட்டார்.

கம்ப்யூட்டர் தகவல்களைச் சேர்த்து வைக்கிற பெட்டி செய்யும் கம்பெனி அது. மாமனும் மாப்பிள்ளையும் மிளகு விற்ற பணத்தைப் பாதிப்பாதியாகப் போட்டு அதன் பங்கை வாங்கியிருந்தார்கள். கணக்கு மாமன் பெயரில், அவர் போனில் இருந்தது. விலை ஏறிக்கொண்டே போனதற்கு மாமன் ஒரு காரணம் வைத்திருந்தார். இன்றைக்கும் பட்டறைக்கு வருகிறவர்களிடம் அதை நான் சொல்லிச் சிரிக்கிறேன்.

“ஒலகத்துல அத்தனை பேரும் போட்டோ புடிக்கறான். ஒருத்தனாச்சும் அழிக்கறானா? எல்லாம் எங்கீங்க போயிக் கெடக்கும்? நம்ம கம்பெனிப் பொட்டிக்குள்ளதானுங்க!”

பாய் விடமாட்டார். “நான் குடோன் வெச்சுப் பொழைக்கறவனுங்க. ஒருத்தன் குடோன்ல காசு பாத்தா தெருவே குடோன் கட்டும். அப்பறம் காலிக் குடோன்ல எலி வெரட்டிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

“நீங்க எலியப் பாருங்க பாய், நான் ஏத்தத்தப் பாத்துக்கறேன்.”

வாயால் அடித்துக்கொண்டவரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை ஒரு குத்தகை நிலத்தில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தான். கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தான். அந்த வருஷம்தான் கொடி நிறையக் காய்த்தது. அப்போது பார்த்து நிலத்துக்காரர் நிலத்தை விற்கக் கிளம்பினார். விடுதி கட்டுவதற்குச் சேலத்து ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டும் போயிருந்தார். நீ வாங்குவதானால் இன்று சாயங்காலத்துக்குள் சொல், இல்லாவிட்டால் நாளைக்குப் பொக்லைன் இறங்கும் என்று நிலத்துக்காரர் மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவன் நேரே பட்டறைக்கு வந்தான். அன்றைக்குக் காலையிலிருந்து பங்கு சரிந்துகொண்டிருந்தது. மூன்றரைக்குச் சந்தை மூடிவிடும்.

“ஏனுங்க மாமா, எம் பாதிய மட்டும் வித்துக் குடுத்துருங்க. உங்க பாதி அப்படியே கெடக்கட்டும்.”

“தெச்ச மூட்டையப் பாதி பிரிப்பாங்களா மாப்ள? வாயத் தொறந்தா மீதியும் பூத்துப் போயிரும்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மலையில் மிளகை நன்றாகக் காயவைத்து மூட்டை தைத்துவிட்டால், நல்ல விலை வரும்வரை வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். பிரித்துக் கொஞ்சம் எடுத்தால் பனி ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பழக்கத்தை அவர் அப்படியே ஷேருக்கும் வைத்திருந்தார். “இது மூட்டை இல்லீங்க, பாதிய வித்தாலும் மீதிக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

“மோட்டார்க்காரரே, வாய்க்குள்ள ஸ்பேனரப் போட்டு முறுக்கீருவேன்.”

“இது மொளகு இல்லீங்க மாமா, பலாப்பழம்” என்றான் மாப்பிள்ளை. “பாத்துட்டே இருக்கறீங்க, அழுகிட்டு இருக்குது.”

“அழுகுனது உம் புத்திடா. அக்கா ஊட்டுச் சோத்துல வளந்த நாயி எனக்கு யாவாரம் சொல்லித் தருது.”

நாய் என்ற சொல் முடியவில்லை, மாப்பிள்ளையின் கை அவர் கழுத்தில் இருந்தது. இருவரும் மோட்டார் காயில்களுக்கு நடுவே விழுந்து புரண்டார்கள். ஆயில் டப்பா கவிழ்ந்தது. மாமன் தலையால் முட்டி அவன் மூக்கை உடைத்தார். என் பல் ஆடியது அப்போதுதான். கடைசியில் அவன் அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, அவர் கட்டைவிரலைப் பிடித்துப் போன்மேல் அமுக்கினான். போன் அதிர்ந்ததே தவிரத் திறக்கவில்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு, விரல் முறிந்துவிடுமோ என்று நான் பதறும்படி மறுபடியும் அமுக்கினான். அப்போதும் திறக்கவில்லை.

“ரேஷன் கடை மெசினே அவரு வெரல எடுக்க மாட்டேங்குது, உன் போனு எடுக்குமா? உட்ரா தம்பி!” என்று பாய் அவன் காலரைப் பிடித்து இழுத்தார். உண்மைதான். மிளகைத் தேய்த்து உதிர்க்கிற காலம் முடிந்தால் எங்கள் மலையில் பாதிப் பேருக்கு ரேகை இருக்காது.

மாப்பிள்ளை எழுந்து ஓடித் தன் பைக்கிலிருந்து கொடுவாளை உருவிக்கொண்டு வந்தான். “அந்த வெரலு உங்களுக்கு எதுக்குங்க?” என்று கத்தினான். மாமன் எழுந்து உட்கார்ந்து, ரத்தத்தைத் துப்பிச் சிரித்தார். தேய்ந்த விரல் அவருக்கே உதவுவதில்லை என்றார். அதற்குப் பிறகுதான் நான் முதலில் எழுதிய பேச்சைப் பேசிக் கட்டையில் தலையை வைத்தார்.

கொடுவாள் உயர்ந்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். என்னால் மூட முடியவில்லை. அது இறங்கிய வேகத்தில் காற்று கிழிந்தது எனக்குக் கேட்டது. மாமனின் காதோரம் கட்டைக்குள் இறங்கி நின்றது. தெறித்த சிராய் அவர் காதைக் கிழித்தது. மாப்பிள்ளை பிடியை விட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தான்.

“கம்பெனி இன்னொண்ணு வருமுங்க மாமா” என்றான், அழுகையும் ரத்தமும் மூக்கை அடைக்க. “அந்தக் கொடி வருமா? அக்கா பதியன் போட்டுக் குடுத்ததுங்க. நாளைக்குப் பொக்லைன் ஏறிருமுங்க.”

மாமன் தலையைத் தூக்கினார். கொடுவாளை ஒரே இழுப்பில் கட்டையிலிருந்து பிடுங்கினார். மாப்பிள்ளை அசையவில்லை. என் கையில் ஸ்பேனர் எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மாமன் கொடுவாளைக் கீழே போட்டுக் காலால் மிதித்துக்கொண்டார். போனை எடுத்து வேட்டியில் எண்ணெயைத் துடைத்தார். நம்பரைத் தட்டினார். தட்டிய இடமெல்லாம் கண்ணாடியில் ரத்தம் பட்டது.

எட்டிப் பார்த்த பாய், “ஏனுங்க, அவன் பாதி போதுமே, எல்லாத்தையுமா விக்கறீங்க?” என்றார்.

“பிரிச்ச மூட்டைய வெச்சு என்ன பண்றதுங்க பாய்?”

விற்று முடிந்ததும், “நெலத்துக்காரருக்குச் சொல்லிரு” என்று போனைத் துண்டில் சுற்றி மாப்பிள்ளையின் மடியில் வைத்தார். வைத்த கையை ஓங்கி அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவன் கட்டையோடு சேர்ந்து உருண்டான்.