காணிக்கு ஆளைக் கொண்டுவந்தவர்

காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஐயாவின் மேசையில் விற்பனை உறுதி விரித்து வைக்கப்பட்டிருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் தந்திருந்தார்கள். அப்போதுதான் தரகர் வாசலில் வந்து நின்றார். இணுவிலிலிருந்து பட்டினம் வரை சைக்கிள் மிதித்து வந்ததில் அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவரைக் கண்டதும் அப்பாவின் முகம் வெளிறியது. வீட்டுக்குள் ஆமி வந்து அண்ணனைப் பிடித்துப்போன நாளில்கூட அந்த முகம் அப்படி வெளிறவில்லை.

விற்கப்பட இருந்தது எனக்குச் சீதனமாக எழுதியிருந்த தோட்டக்காணி. எண்பதுகளின் நடுப்பகுதி அது. அண்ணனை மூன்று நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அடுத்த முறை விடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப எங்களிடம் இருந்தது அந்தக் காணி மட்டும்தான். விற்கலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா தரகரிடம் சொல்ல, அவர் காணி வாங்கப் பருத்தித்துறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டரைக் கூட்டிவந்தார். தோட்டக் கிணற்றில் தரகரே துலாவால் தண்ணீர் அள்ளி, மாஸ்டரின் இரண்டு கைகளிலும் வார்த்தார். "குடிச்சுப் பாருங்கோ மாஸ்டர். உப்புக் கரிச்சால் காணியை வாங்க வேண்டாம்." மாஸ்டர் குடித்துவிட்டுத் தலையாட்டினார். அதன்பிறகும் விலை படியவில்லை. இரண்டு மாதமாகத் தரகர் இணுவிலுக்கும் பருத்தித்துறைக்கும் இடையே அலைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் விலை படிந்துவிட்டது என்றும், தரகருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்தாயிற்று என்றும் அப்பா வீட்டில் சொன்னார். நான் நம்பினேன். அப்பா பொய் சொல்லி நான் அறிந்ததில்லை.

"அண்ணை, விக்கிற யோசனையை விட்டிட்டன் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?" என்று தரகர் கேட்டபோது, நான் பேனாவை மேசையில் வைத்தேன். மாஸ்டர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தரகுப் பணத்தை மிச்சம்பிடிக்க அப்பாவும் மாஸ்டரும் பேசி வைத்துத்தான் தரகரை விலக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது.

நொத்தாரிசு ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "இஞ்சை பாருங்கோ. ஒருவர் ஆளைக் கூட்டிவந்து விலை கதைச்சு, அந்த ஆளே காணியை வாங்கினால் தரகு அவருக்குத்தான். உறுதி எழுதேக்கை அவர் பக்கத்திலை இல்லாட்டிலும் அது அவருக்குச் சேரவேணும். வாங்கிறவர் தானாக வந்தவர் எண்டால் கதை வேறை. இப்ப சொல்லுங்கோ, மாஸ்டரைக் கூட்டிவந்தது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. அவர் தானாத்தான் வந்தவர்," என்றார் அப்பா. ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "காணிக்காரி அவள்தானே. வேணுமெண்டால் அவளைக் கேளுங்கோ."

நொத்தாரிசு ஐயா என்னைப் பார்த்தார். அவர் வாயெடுப்பதற்குள் தரகர் குறுக்கிட்டார்.

"பிள்ளையைக் கேக்க வேண்டாம் ஐயா. தகப்பனுக்கு முன்னாலை அவள் என்னத்தைச் சொல்லுறது? எனக்குத் தரகு வேண்டாம். எழுதுங்கோ."

அவர் படியிறங்கிப் போனார். நான் கையெழுத்திட்டேன். அடுத்த மாதமே அண்ணன் பத்திரமாக வெளிநாடு போய்ச் சேர்ந்தான். அந்த நாளைப் பற்றி அப்பாவும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி, எங்கள் ஊர் இருந்த வலிகாமமே வீடுகளை விட்டு வெளியேறியபோது, எங்களைப் போன்றவர்களால் தென்மராட்சியின் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நிரம்பி வழிந்தன. என் இரண்டு குழந்தைகளோடும் அப்பாவோடும் மழையில் நின்றிருந்தேன். ஒவ்வொரு வீடாகப் படலையைத் தட்டிச் சனங்களுக்கு இடம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒன்றும் கேட்காமல் எங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு வீட்டு விறாந்தையில் எங்களுக்கு இடம் கேட்டார். வீட்டுக்கார அம்மா, "இவை உங்கடை சொந்தக்காரரோ?" என்று விசாரித்தார்.

தரகர் பதில் சொல்லுமுன் அப்பா பேசினார். "இல்லைத் தங்கச்சி. இவர் கொண்டந்த ஆளுக்குக் காணியை வித்துப்போட்டு, ஒருத்தரும் கொண்டுவரேல்லை எண்டு சொன்னவன் நான்."

அந்த அம்மா ஒன்றும் விளங்காமல் அப்பாவையும் தரகரையும் மாறி மாறிப் பார்த்தார். தரகர் மூட்டையை விறாந்தையில் இறக்கி வைத்தார். "உள்ளை ஏறுங்கோ அண்ணை. பிள்ளையள் நனையுது," என்றார். அடுத்த படலையைத் தட்டப் போய்விட்டார்.

இப்போது அப்பாவும் இல்லை, தரகரும் இல்லை. அப்பா தன் பொய்யை மழையில் நின்று சொல்லி முடித்துவிட்டார். நொத்தாரிசு ஐயா அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். "எனக்குத் தெரியாது" என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தச் சொல் என் நாக்கில் தயாராக இருந்தது.