அண்ணன் அடித்த கோல்

தோல் பைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்தேன். அந்த வாடையில் எழுபதுகளின் தூத்துக்குடி வந்துவிட்டது. எங்கள் மாதா கோவில் தெருவின் கால்பந்து கிளப்புக்கு அப்பாதான் தலைவர். சனிக்கிழமைதோறும் தோல் பந்துக்கு இப்படித்தான், கைக்குழந்தைக்குப் போல, எண்ணெய் தடவுவார்.

அண்ணனுக்கு உப்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனியின் கால்பந்து அணிக்கு ஆடிய அவன், இறுதிப் போட்டியில் எங்கள் கிளப்பைத் தோற்கடித்த கோலை அடித்தான். அன்று மாலை தெருவே எங்கள் வாசலில் திரண்டது.

"ஏலே, இனி இங்கன வராத," என்றார் அப்பா.

"வேலை குடுத்தவங்களுக்குத்தானப்பா ஆடுனேன்."

"அப்பம் அங்கனயே போயி இரு."

அம்மா கெஞ்சியும் அண்ணன் பையோடு போய்விட்டான். ஆட்கள் அப்பாவின் தோளைத் தட்டிப் பாராட்டினார்கள். அவர் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பல வருடம் கழித்து அப்பாவின் அடக்கத்துக்கு வந்த அண்ணன், கல்லறைத் தோட்டத்திலிருந்தே திரும்பிவிட்டான். தெருவுக்குள் வரவில்லை.