நாய்க்கு மரியாதை சொன்னவர்

ரெங்கம் என்னும் சிற்றூரை அடுத்த ரப்பர் தோட்டத்தில் நான் சந்தித்த காவற்காரர், விருந்தினரை எதிர்பார்ப்பவர்போல எப்போதும் கழுத்துவரை பித்தானிட்ட சட்டையே அணிந்திருப்பார். உண்ணி நீக்கவும், சொற்கேளாத நாயைப் பழக்கவும் பலர் அவர் வாசலில் நின்றபடியே யோசனை கேட்டுப் போவர். அத்தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகிய நானும் என் நாயின் பொருட்டு ஒருநாள் அவர் வாசலில் சென்று நின்றேன்.

“உள்ள வாங்க, உட்காருங்க” என்றார் தம் நாயிடம். அதுவும் திண்ணையேறிப் பணிந்து அமர்ந்தது.

“நாய்க்குப் போய் இவ்வளவு மரியாதையா?” என்று சிரித்தேன்.

“அதட்டினா பயந்துதான் கேக்கும், கிராணி ஐயா. உங்க நாயையும் அதட்டாதீங்க. அதோட, வாங்கன்னு சொல்ல நமக்கு வேற யாரு வர்றாங்க? சொல்லாம விட்டா அந்தச் சொல்லே மறந்துடும்.”

அந்தச் சொல்லை எனக்கும் சொல்வார் என்று சற்று நேரம் காத்திருந்தேன். அவரோ கைகூப்பிவிட்டு, நாயுடன் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டார். ஏன் என்பது இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.