சுழியில் விட்ட வாளி

அன்று கித்துல்கல ஆற்றோரம் இருந்தது நான்கு பேர்: நான், நாத்தனார் செல்வி, ரப்பர் மலைக் கங்காணி, சுற்றுலாப் படகோட்டும் ஒரு சிங்களவர்.

எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ரப்பர் பால் வாளியோடு ஆற்றைக் கடக்கையில் கால் வழுக்கியது. பாறைக்குப் பின்னாலிருந்த சுழி என்னை இழுத்தது. அப்போதும் வாளியை விடவில்லை. பால் குறைந்தால் அரைநாள் சம்பளம்தானே.

"வாளிய விட்றாத புள்ள!" கங்காணி கரையிலிருந்து கத்தினார்.

"அத்தாரின்ன அக்கே!" விடச் சொல்லிச் சிங்களத்தில் கத்திக்கொண்டே படகோட்டி குதித்தார்.

விட்டேன். சுழியை எதிர்க்காமல் அதோடு போகும்படி கைகாட்டினார். ஒரு சுற்றுச் சுற்றி, அதுவே என்னை அவரிடம் தள்ளிவிட்டது.

"அண்ணி!" என்று செல்வி கட்டிப்பிடித்து அழுதாள்.

கங்காணி கேட்டார், "வாளி எங்க?"

"ஆத்துக்கிட்ட கேளுங்க."

அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

இன்றைக்கும் சம்பள நாளில் அவர் வாளிக்காசு கேட்பார். எனக்கு இன்னும் பயம்தான். ஆனாலும் இல்லை என்றுதான் சொல்வேன். தோட்டத்து வாளியைப் பிடித்துக்கொண்டு எந்தச் சுழியிலும் இனி நான் சாகமாட்டேன். நான் கட்டாத பாக்கி அப்படியே நிற்கிறது: இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.