பக்கவாட்டில் தள்ளிய விரல்

வடக்கனந்தல் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூலிக்கார அக்கா, போனைத் தொடும் முன்பெல்லாம் விரலை முந்தானையில் துடைத்துக்கொள்வார். நடவு மேஸ்திரி கூப்பிட்டபோதும் துடைத்துவிட்டுத்தான் திரையைப் பக்கவாட்டில் தள்ளினார். அழைப்பு கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிடுவதற்குள் மேஸ்திரி அந்த வேலையை வேறு ஆளுக்குச் சொல்லிவிட்டார்.

“கட் பண்ணா வரலன்னு நெனச்சிக்குவாரு சார். பழைய போன்ல இப்படித் தள்ளுனாதான் எடுக்கும். இதுல இன்னாத்துக்கு மாத்திகினாங்க?”

அது எங்கள் கம்பெனி தயாரித்த போன். பக்கவாட்டில் தள்ளி எடுப்பதற்கு வேறொரு கம்பெனி காப்புரிமை வைத்திருந்ததால், மேலே தள்ளும்படி மாற்றச் சொன்ன வக்கீல் நான்தான்.

“மேல தள்ளணும்க்கா” என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப தப்பு எம்மேலதாங்க” என்றவர், அந்த விரலை மறுபடியும் முந்தானையில் அழுத்தித் துடைத்தார்.