பாத்திரத்தின் அடியில் ஒரு பெயர்

ஜானிஸ் என்ற பெயரில் அவள் மினசோட்டாவுக்கு வந்து ஆறு குளிர்காலம் ஆகிவிட்டது. அதற்கு முன் அவள் ரொசால்பா, நியூ ஜெர்சித் துறைமுகத்தில் கணக்கெழுதியவள். முதலாளியின் கப்பல்கள் மூன்று நாடுகளுக்குத் துப்பாக்கி கடத்திய வழக்கில் சாட்சி சொன்னாள். உடன் சாட்சி சொன்னவன் இன்று உயிரோடு இல்லை. அரசாங்கம் அவளுக்குப் புதுப் பெயரும் பனிக்கு நடுவில் ஒரு வீடும் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு பிழைத்துப்போ என்று விட்டுவிட்டது.

துப்பறியும் நாவல்களில் இப்படிப்பட்டவர்கள் கூரைக்குக் கூரை தாவுவார்கள். இவள் பகலெல்லாம் ஒரு பல் மருத்துவரிடம் தொலைபேசி எடுத்தாள், மாலையில் தனியாகச் சாப்பிட்டாள். தோழி என்று சொல்லிக்கொள்ள பக்கத்து வீட்டு ஆர்லீன் ஒருத்திதான்.

ஒரு நாள் காலை, அவள் காவலுக்குப் பொறுப்பான அதிகாரி டெய்ல் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மேடம், உங்க அக்கா நேத்து தவறிட்டாங்க. அடக்கத்துக்குப் போகணும்னு மட்டும் நெனைக்காதீங்க, அங்க ஆள் போட்டுப் பாத்துட்டிருப்பானுங்க. உங்க பழைய பேர் இப்ப இருக்கிற ஊர்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் ஒரு மணி நேரத்துல பொட்டி கட்டணும். மறுபடியும் வேற ஊர், வேற பேர்."

உட்கார்ந்து அழக்கூட முடியவில்லை. அன்றுதான் ஊரில் ஹால்வர்சன் கிழவரின் அடக்கம். சர்ச்சின் கீழ்த்தளத்தில் நடக்கும் சாப்பாட்டுக்கு ஹாட்டிஷ் என்ற பதார்த்தம் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். கொத்துக்கறி, டப்பா சூப், மேலே வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டைகள். எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிக் கண்ணாடிப் பாத்திரம் என்பதால், மாறிப்போகாமலிருக்க அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவது அந்த ஊர் வழக்கம். அவளும் எழுதினாள். மனசு அக்காவின் சவப்பெட்டி ஓரத்தில் இருந்தது. கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் அவளும் ஆர்லீனும் சர்ச் சமையலறைக்குள் போனார்கள். ஆர்லீன் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"அடியே ஜானிஸ், இங்க வந்து பாரேன். ரொசால்பாவாம்! யாருடி இவ? நம்ம ஊர்ல திரும்புற பக்கமெல்லாம் கேரனும் கேரலும்தானே!"

ஜானிஸ் எட்டிப் பார்த்தாள். டேப்பில் இருந்தது அவள் கையெழுத்து.

"எனக்குத் தெரியாது."

"உன் பாத்திரம் எங்க?"

"அப்பவே எடுத்து வண்டியில வெச்சிட்டேன்."

"சரி, இது அலமாரியில கெடக்கட்டும். மகராசி என்னைக்காவது தேடி வருவா."

அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு ஆறு வருஷம். அக்காவும் போய்விட்டாள். நான்தான் அது என்று சொன்னால் ஆர்லீன் கட்டிக்கொண்டு அழுவாள். ஆனால் நாளைக்கே வேறு ஊர், வேறு பெயர்; அங்கே ஆர்லீன் இருக்கமாட்டாள். உள்ளதும் போய்விடும் என்று ஜானிஸ் பயந்தாள். ஆசை மட்டும் அடங்கவில்லை.

"என்ன பேர் சொன்ன ஆர்லீன்? இன்னொரு தடவை சொல்லு."

"காது அடைச்சுப் போச்சா உனக்கு? ரொசால்பா!"

ஜானிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டை எடுத்து ஈரத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.